ஏறாத மரத்தின் கணக்கு

சுகந்தி போய்விட்டார் என்று மதுக்கரையிலிருந்து அவருடைய தம்பி போன் செய்தபோது, சுகந்தி எழுதிய கையேட்டுப் பக்கத்தைத்தான் சிவப்புப் பேனாவால் அடித்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் காமாலைக்கு லீவு எடுத்தவர் திரும்பிவிடுவார் என்றுதான் இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களைப்போல நானும் நினைத்திருந்தேன்.

காந்திபுரம் ஆபீசில் எங்கள் இருவருக்கும் ஒரே வேலை. கம்பெனி விற்ற டேட்டாபேஸ் மென்பொருளுக்குத் தமிழில் கையேடு எழுதுவது. கூட்டல், சராசரி, எண்ணிக்கை பற்றிய பக்கம் முதலில் என்னுடையது. "வெற்றுக் கட்டங்கள் சராசரியில் சேரா" என்று எழுதியிருந்தேன். அதில் ஒரு பிழை காட்டுங்கள் பார்ப்போம்!

உடுமலைப்பேட்டைத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் அந்தக் கையேட்டோடு பஸ் ஏறி வந்துவிட்டார். "ஏனுங்க, உங்க கம்ப்யூட்டரு சராசரியை ஏத்திச் சொல்லுதுங்க" என்றார். காய்க்காத மரங்களுக்கு எதையும் பதியாமல் விட்டிருந்தார். என் வாக்கியத்தை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பாவம், விழித்தார்.

பக்கத்து நாற்காலியிலிருந்து சுகந்தி கேட்டார்: "ஏறாத மரமும், ஏறிப் பார்த்துக் காயில்லாத மரமும் ஒண்ணுங்களா?"

"அதெப்படிங்க ஒண்ணாகும்?"

"ஒரு மரத்துல இருபது காய், இன்னொண்ணுல பத்து. மூணாவது மரம் ஏறலீனா கட்டத்தைச் சும்மா உட்டுப்போடுங்க, சராசரி பதினஞ்சு. ஏறியும் காயில்லீனா சைபர் போடுங்க, பத்துன்னு வரும்."

தோப்புக்காரர் எல்லோருக்கும் டீ சொன்னார். முதல் டம்ளர் சுகந்திக்கு. அடுத்த பதிப்பில் அந்தப் பக்கமும் அவருக்கே போயிற்று; என் வாக்கியத்துக்குப் பதில் இந்தத் தென்னை மரக் கணக்கை எழுதினார். எனக்கு வயிறு எரிந்தது. "நீங்க எழுதுனது இல்லீனா எனக்கு ஏதுங்க இந்தப் பக்கம்?" என்று பணிவிலும் அவரே முந்திக்கொண்டார். அதைக்கூட எனக்கு விட்டுவைக்கவில்லை.

லீவில் அவர் இருந்ததால் புதிய பதிப்பு என் கைக்கு வந்தது. தென்னை மரங்களை அடித்துவிட்டு என் வாக்கியத்தைத் திரும்ப நட்டிருந்தேன். அடக்கம் முடிந்து ஆபீசுக்கு வந்த அன்று உடுமலைப்பேட்டைத் தோப்புக்காரரிடமிருந்து போன்.

"தென்னமரத்துப் பக்கம் எழுதுன அம்மணி இருக்காங்களா? இன்னைக்கு லீவுங்களா?"

சொன்னேன். பிறகு, "அந்தப் பக்கத்தை மட்டும் மாத்திப்போடாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அடித்த வரிகளை என் கையாலேயே மறுபடி எழுதினேன். எழுதும்போதும், இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்றுதான் எரிந்தது. சுகந்தி எனக்கு விட்டுப்போனது அந்த எரிச்சல். அதை அணைய விடமாட்டேன்.