வடிகட்டிக் கொடுத்த வாய்க்கால் தண்ணீர்

தொண்ணூறுகளின் கடைசியில் மேலூர்ப் பக்கம் எங்கள் வயலுக்கு மேற்கே ஒரு கிரானைட் குவாரி வந்தது. பள்ளத்தில் ஊறுகிற தண்ணீரை, கல் அறுத்த மாவோடு சேர்த்து மோட்டார் வைத்து எங்கள் வாய்க்காலில் விட்டார்கள். மோர் மாதிரி வரும். பாய்ந்த இடம் காய்ந்தால் சிமெண்டு பூசியதுபோல இறுகிவிடும். அப்போது நாற்றங்கால் போட்டிருந்தோம். அது பிழைத்தால்தான் எங்கள் ஒரு ஏக்கரில் நடவு.

மனு கொடுத்தோம். சோதனையில் தண்ணீர் கெட்டது என்று வந்தால் மோட்டாரை நிறுத்துவார்களாம். சோதிக்கிற அதிகாரி ஜீப்பில் வந்தார். வாய்க்கால் கரைச் சேற்றைப் பார்த்தார். தன் ஷூவைப் பார்த்தார். ஷூ ஜெயித்தது.

"ஏம்மா, இதுல தண்ணி ரொப்பிட்டு வா" என்று பாட்டிலை என் மனைவியிடம் நீட்டினார். என்னிடம் வரிசையாகக் கையெழுத்து வாங்கிவிட்டு, இளநீர் குடித்து, சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மனைவி வர வெகுநேரம் ஆனது.

பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்தார். "இளநி கணக்கா இருக்கு. இதுக்கா மனு?" அங்கேயே அரக்கு வைத்து முத்திரை குத்தினார். ஜீப் நேராகக் குவாரிக்குத் திரும்பியது. அங்கே சாப்பாடு தயாராக இருந்தது.

"எங்க மொண்ட?" என்றேன்.

"வாய்க்கால்லதான். குடத்துல தெளிய விட்டு, உங்க வேட்டியில வடிகட்டுனேன். பாட்டிலையும் புளி போட்டு வெளக்கிட்டேன். ஒரு ஆபீசர் கையில அந்தக் கலங்கல் தண்ணியவா குடுப்பாக?"

சொல்லி முடிக்கும்போதே அவளுக்கும் விளங்கிவிட்டது. ஈர வேட்டியோடு டிவிஎஸ் வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டாள்.

குவாரி கொட்டகையில் அதிகாரி கோழி தின்றுகொண்டிருந்தார். இலைக்குப் பக்கத்தில் கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில். ஊர்த் தண்ணீரைச் சோதிக்க வந்தவருக்கு ஊர்த் தண்ணீர் ஆகாது. மனைவி வேட்டியை விரித்தாள். உள்ளே வெள்ளைச் சாந்து அப்பியிருந்தது.

"சார், தெரியாம வடிகட்டிட்டேன். மறுபடி ஒருக்கா மொண்டுக்கிருங்க."

"சீல் வச்சாச்சும்மா. வடிகட்டச் சொல்லி நானா சொன்னேன்?" எலும்பைக் கடித்துக்கொண்டே யோசனையும் சொன்னார். "வடிகட்டுனா நல்லாத்தானே இருக்கு? அப்படியே வயலுக்குப் பாச்சுங்க."

குவாரி மேனேஜர் தொடையில் தட்டிச் சிரித்தான்.

"ஒரு ஏக்கருக்கு எம்புட்டு வேட்டி ஆகும் சார்? உங்க ஆபீசுல அம்புட்டுப் பேரும் அவுத்துக் குடுங்க, பாச்சிருவோம்" என்றாள்.

இப்போது கல் உடைக்கிறவர்கள் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. அதிகாரி சோற்றில் ரசத்துக்குக் குழி வெட்டினார்.

விவசாயத்துக்கு உகந்த தண்ணீர் என்று முடிவு வந்தது. அதில் பொய்யில்லை. என் மனைவி வடிகட்டினால் எதுவும் சுத்தமாகத்தான் இருக்கும். மோட்டார் அன்றிலிருந்து அரசாங்க மரியாதையோடு ஓடியது.

நாற்றுப் பறிக்கிற நாளில் நாற்றங்கால் வெள்ளையாக இறுகிக் கிடந்தது. பிடித்து இழுத்தேன். தாள் மட்டும் கையோடு வந்தது. வேர் மண்ணைவிட்டு வரவில்லை. அந்த வருடம் நடவு இல்லை. நான் சிம்மக்கல் கடைத்தெருவுக்கு மூட்டை தூக்கப் போனேன்.