பால் கேனுக்குப் பதிலாக நான்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, காபி டம்ளரோடு ஹாலுக்கு வந்தேன். என் நாற்காலி இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எஞ்சின் படுத்திருந்தது.

சும்மா அல்ல. என் பழைய கம்பளியை மடித்துக் கீழே போட்டு, ஆபரேஷன் முடிந்த நோயாளியைப் போல ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார்கள். நாற்காலி? அது மழைத்தண்ணீர் ஒழுகும் ஷெட்டில், நனைந்துகொண்டு.

"என்னம்மா இது?"

"இருநூறு சிசிப்பா," என்றாள் என் மகள் தமயந்தி. ஏதோ தூரத்துச் சொந்தம் ஊரிலிருந்து வந்திருப்பதைப் போல அப்படி ஒரு பெருமிதம்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் சுபாவம் தெரியும். கிடங்குப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் எண்ணாமல் விடமாட்டேன். மாத்திரை, மாடிப்படி, கரண்ட் கம்பியில் உட்கார்ந்திருக்கும் குருவி... எண்ணி முடிப்பதற்குள் குருவிகள் பறந்துவிட்டால் அன்று முழுவதும் மனசு சரியிருக்காது. எண்ணுகிறவனுக்குப் பயம் அதிகமா, பயப்படுகிறவன்தான் எண்ணுவானா? தெரியவில்லை. என்னிடம் இரண்டும் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன்.

தமயந்திக்குப் பால் சேகரிக்கிற வேலை. எங்கள் வீடு வடகவுஞ்சிப் பக்கம், பழனி ரோட்டுக்குக் கீழே சரிவில் இருக்கிறது. வீட்டைத் தாண்டி இன்னும் கீழே இறங்கினால் பதினோரு வீடுகளில் மாடு வளர்க்கிறார்கள். காலையில் காலி கேன்களோடு இறங்குவாள். வீடு வீடாகப் பாலை அளந்து வாங்கிக்கொண்டு, எங்கள் வாசல் வழியாக மேலே ஏறி, ரோட்டில் நிற்கும் வேனில் சேர்க்க வேண்டும். அந்த வேன் யாருக்காகவும் காத்திருக்காது. வேனை விட்டால் பதினோரு வீட்டுப் பாலும் அவள் பொறுப்பு.

பாதை? அதைப் பாதை என்று சொல்வது நம் பெருந்தன்மை. ஒவ்வொரு மழைக்கும் நடுவில் ஓடை அறுத்துக்கொண்டு போகும். ஜீப் இறங்காது. அதனால்தான் அவள் ஒரு டர்ட் பைக் வாங்கினாள். சுற்றுலாப் பயணிகளை மேட்டில் ஏற்றிப் பள்ளத்தில் இறக்கிக் காசு பார்த்துக்கொண்டிருந்த யாரோ தொழிலை மூடிவிட்டு விற்ற வண்டி. ஃப்ரேம் உறுதி. எஞ்சின்தான் நூறு சிசி. செல்ஃபி எடுப்பவர்களை மட்டும் சுமந்து பழகிய வண்டிக்கு, இரண்டு பால் கேன்களையும் தமயந்தியையும் சேர்த்து இழுக்க மூச்சு போதவில்லை.

போன மாதம் மூன்றாவது வளைவில் அது நின்றேவிட்டது. நின்றதோடு விட்டதா? பின்னால் உருண்டது. பிரேக் பிடித்தும் ஈர மண்ணில் சறுக்கி, வண்டி ஒரு பக்கம், கேன் ஒரு பக்கம், என் மகள் ஒரு பக்கம். முழங்காலில் தோல் உரிந்து, நொண்டிக்கொண்டே வந்தாள் — சிரித்துக்கொண்டு!

"கீழ இருக்கிற நாய்களுக்கெல்லாம் இன்னைக்கு விருந்துப்பா!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வளைவுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நாற்பதடி ஆழத்தில் பாறை.

"பாதி பாதியா ரெண்டு நடையா கொண்டு வாயேம்மா," என்றேன்.

"ரெண்டாவது நடை வர்றதுக்குள்ள வேன் பழனி போயிரும்ப்பா. எஞ்சினைப் பெருசாக்கிட்டா சோலி முடிஞ்சது."

சோலி முடிஞ்சது! ஆள் போய்ச் சேர்ந்தாலும் எங்கள் பக்கம் இதைத்தான் சொல்வார்கள்.

வேலையில் இறங்கியவர் என் மாப்பிள்ளை யோகராஜ். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்து குடியேறிய குடும்பம். அவர் பிறந்தது இங்கேதான் என்றாலும் பேச்சில் அந்த வாடை இன்னும் போகவில்லை. வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார் — கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி. எங்கள் ஊரில் அவர் மாட்டிய கேட்டைப் பிடித்து உலுக்கிப் பாருங்கள். நீங்கள்தான் ஆடுவீர்கள், கேட் ஆடாது.

ஆனால் கேட் மலையேறுமா?

"எஞ்சின் எங்க கெடச்சது மாப்ள?"

"கன்னிவாடி காயலான் கடையில மாமா. வண்டி அடிபட்டது, எஞ்சினுக்கு ஒண்டும் ஆகல்ல."

அடிபட்ட வண்டி! "ஓட்டிட்டு வந்தவருக்கு?" என்றேன்.

மாப்பிள்ளை ஸ்பேனரைத் தேட ஆரம்பித்தார். சமையலறையிலிருந்து என் மனைவிதான் பதில் சொன்னாள்: "தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க? ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டுப் போய்ப் பாக்கப் போறீங்களா?"

எஞ்சினைத் தூக்கி ஃப்ரேமுக்குள் வைப்பார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லையாம். எஞ்சின் கம்பளியிலேயே கிடந்தது. இருவரும் ஃப்ரேமை அதன்மேல் இறக்கினார்கள். தூங்குகிற குழந்தைக்குச் சட்டை மாட்டுவதைப் போல. குழந்தையோ சட்டையைவிடப் பெரியது. தலைப்பக்கம் பெட்ரோல் டேங்கில் இடித்தது. சைலன்சர் குழாய் கம்பியில் முட்டியது. பழைய பிடிமானங்களை அறுத்தெடுத்துவிட்டு, எஞ்சினைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, புதிதாகத் தகடு வெட்டிப் பற்றவைத்தார் மாப்பிள்ளை. பற்றவைக்க மட்டும் ஃப்ரேமை ஷெட்டுக்குக் கொண்டுபோனார்கள் — என் மனைவி ஹாலில் திரைச்சீலை புதிதாகப் போட்டிருந்த காரணத்தால்.

எல்லாம் முடிந்ததும் தரையைப் பார்த்தேன். ஒரு போல்ட், மூன்று வாஷர்.

"மாப்ள... இதெல்லாம் மிச்சம் இருக்கே?"

"அது பழசோட சாமான் மாமா."

"நிச்சயமாவா?"

"அப்பா," என்றாள் தமயந்தி, "நீங்க கொஞ்ச நேரம் வெளிய போய்க் குருவி எண்ணுங்களேன்."

போகவில்லை. கடைசி வேலை செயின். பிளம்ஸ் பெட்டிகள் இரண்டை அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்தியிருந்தார்கள். பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. மாப்பிள்ளை செயினை மாட்டி, சக்கரத்தைப் பின்னால் இழுத்து, கேட்டுக்குக் கொண்டி போடுகிற அக்கறையோடு முறுக்கினார். பிறகு விரலால் தட்டிக் காட்டினார். தம்புராத் தந்தி மாதிரி நின்றது.

"பாத்தீங்களா மாமா? ஒரு நூல் ஆட்டம் இல்ல."

எனக்கும் பார்க்க நிம்மதியாக இருந்தது. இறுக்கமாக இருப்பதெல்லாம் பத்திரமாக இருக்கிறது என்றுதானே நாம் நினைக்கிறோம்?

வாசலில் இறக்கி உதைத்தார்கள். நாலாவது உதையில் உயிர் வந்தது. அப்பப்பா, என்ன சத்தம்! பேரிக்காய் மரத்திலிருந்த காக்காய்கள் மொத்தமாகக் கிளம்பின. தமயந்தி ஏறி, வாசலிலேயே நடையின் வேகத்தில் ஒரு வட்டம் அடித்தாள். எஞ்சின் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அனுமதி வரும்வரை பழனி ரோட்டில் ஏறக் கூடாது, சரிவுப் பாதை மட்டும்தான், வேன்தான் பாதையின் முகப்பிலேயே வந்து நிற்கிறதே — இது என் நிபந்தனை. ஒப்புக்கொண்டிருந்தாள்.

"சூப்பரா இருக்குப்பா! நாளைக்கு வெள்ளனே கேனை மாட்டிக் கெளம்பிர வேண்டியதுதான்."

"கனத்தோட ஓட்டிப் பாக்கலையே?"

"கேனெல்லாம் பால் சங்கத்துல கெடக்குப்பா. நாளைக்குப் போற வழியில எடுத்துக்கிருவேன்."

"அப்போ கேனுக்குப் பதிலா என்னை ஏத்திப் பாரு."

இதைச் சொன்னது நான்தானா? எனக்கே ஆச்சரியம். ஆனால் வாய் முந்துவதற்கு முன்னால் மனசு கணக்குப் போட்டிருந்தது. என் எடை ஐம்பத்திரண்டு கிலோ. நிரம்பிய இருபது லிட்டர் கேன் இரண்டு, கேனின் எடையும் சேர்த்து, ஏறக்குறைய அவ்வளவுதான். இந்த மலையில் பால் கேனுக்குச் சமமான அப்பா வேறு யாருக்குக் கிடைப்பார்?

தமயந்தி முன்னால். பின்னால் கேன் மாட்டும் கம்பிச் சட்டத்தின்மேல் ஒரு பலகை போட்டு, அதில் நான். மாப்பிள்ளை கைத்தாங்கலாக ஏற்றிவிட்டார். என் கனம் முழுவதும் இறங்கியதும் வண்டி பின்பக்கம் தாழ்ந்தது. எங்கேயோ 'கிரீச்' என்று ஒரு முனகல்.

"அசையாதீங்க மாமா!"

அசையவில்லை. மூச்சுகூட விடவில்லை. வெடிக்கப்போகிறது என்றே முடிவு செய்துவிட்டேன்.

மாப்பிள்ளை குனிந்து செயினைத் தொட்டார். அழுத்தினார். ஊன்றி அழுத்தினார். கம்பியாக நின்றது, ஒரு இம்மிகூட இறங்கவில்லை. மெல்ல நிமிர்ந்தார்.

"தமயந்தி, எஞ்சினை நிப்பாட்டு."

எனக்குப் புரிகிற மாதிரி அவர் சொன்னது இதுதான். ஆள் ஏறினால் பின்சக்கரம் மேல்நோக்கி மடங்கும். மடங்க மடங்க, எஞ்சினிலிருக்கும் பல்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே தூரம் கூடும். செயின் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். பழைய எஞ்சினில் அந்தக் கூடுதல் கொஞ்சம்தான். புது எஞ்சினை முன்னால் தள்ளி வைத்ததால் அதிகமாகிவிட்டது. இவரோ சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே, கேட் மாட்டுகிற பழக்கத்தில், ஆட்டமே இல்லாமல் முறுக்கிவிட்டார்.

"நிக்கையிலயே இந்த இழுவை. கனத்தோட பள்ளத்துல விழுந்து எழும்பினா..."

"அறுந்துருமா?" என்றாள் தமயந்தி.

"அறுந்தாலும் பரவால்ல. அறுந்த செயின் சுத்திக்கிட்டா சக்கரம் பூட்டிக்கும், விளங்குதா?" பிளம்ஸ் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். "மூணாவது வளைவுல..."

நான் இன்னும் பலகைமேல்தான் இருந்தேன். என்னை இறக்கிவிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

பிறகு நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். சக்கரத்தைக் கொஞ்சம் முன்னால் நகர்த்துவார். "ஏறுங்க மாமா" என்பார். பார்ப்பார், "ஏலாது, இறங்குங்க மாமா" என்பார். ஒன்பது முறை ஏறி இறங்கினேன். கடைசியில், பள்ளத்தில் விழுகிற வேகத்துக்கு என் கனம் போதாது என்று, என் மனைவியைக் கூப்பிட்டுத் தோளை அழுத்தச் சொன்னார்கள். நாற்பது வருஷக் கடுப்பை அவள் ஒரே அழுத்தில் தீர்த்துக்கொண்டாள்.

"ரெண்டு இட்லி சேத்துச் சாப்பிடுங்கன்னா கேட்டாத்தானே? இப்போ பாருங்க, கேனுக்குக்கூடப் பத்தல!"

அத்தனை கனத்திலும் செயினில் ஒரு விரல் இறங்குகிற அளவுக்குத் தளர்வு கிடைத்த பிறகுதான் மாப்பிள்ளை நட்டை முடுக்கினார். நாங்கள் இறங்கியதும் செயின் தொய்ந்து தொங்கியது. கழன்றுவிடாமல் இருக்க அடியில் ஒரு சின்ன உருளை வைத்துப் பற்றவைத்தார்.

"பாக்கச் சகிக்கல்ல மாமா," என்றார். தன் கையால் செய்த ஒன்று இப்படித் தொங்குவது அவருக்கு அவமானம்.

எனக்கு அந்தத் தொய்வைப் பார்க்கப் பார்க்கத் திகட்டவில்லை. யோசித்துப் பாருங்கள்... நாம் எல்லாவற்றையும் எப்போது இறுக்குகிறோம்? கனம் எதுவும் ஏறாமல், சக்கரம் அந்தரத்தில் சுகமாகத் தொங்கும்போது. வீட்டு பட்ஜெட்டை, பிள்ளைகளின் நேரத்தை, கல்யாணப் பேச்சை — ஆட்டமே இருக்கக் கூடாது என்று முறுக்கி வைக்கிறோம். கனம் ஏறுகிற நாளில்தான் தெரிகிறது, எங்கே கொஞ்சம் விட்டுப் பிடித்திருக்க வேண்டும் என்று. அன்றைக்குப் பெரும்பாலும் நாம் மூன்றாவது வளைவில் இருக்கிறோம்.

சரி. திங்கட்கிழமை காலை. தமயந்தி இறங்கிப் போய்விட்டாள். நான் கேட்டருகே நின்றேன். மேகம் வந்து பாதையை மூடியிருந்தது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. அவள் ஏறி வந்ததும் நிறுத்தி, செயினைத் தொட்டுப் பார்த்து, உருளையைப் பார்த்து, முழங்கால் வலி எப்படி என்று கேட்டு, முக்கியமாக மூன்றாவது வளைவில் வண்டி என்ன செய்தது என்று கேட்டு... கேள்விகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன்.

கீழே உறுமல் கேட்டது. முதல் வளைவாக இருக்கும் என்று நினைத்தேன். அதற்குள் மேகத்தைக் கிழித்துக்கொண்டு முன்விளக்கு. இரண்டு கேன்கள், நடுவில் தமயந்தி. நிற்கவில்லை. ஒரு கையைத் தூக்கிக் காட்டி, "வேன் வந்துருச்சுப்பா!" என்று ஒரு சத்தம். சேறு என் வேட்டியில் தெறித்தது. அவ்வளவுதான். சிவப்பு விளக்கு மேலே மேகத்துக்குள் மறைந்துவிட்டது.

"புள்ள வந்துட்டாளா?" என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

"வந்தா."

"எங்க?"

"மேல போய்ச் சேந்திருப்பா."

மத்தியானம் சாப்பிடும்போது தமயந்தி சொன்னாள்: வண்டி நன்றாக இழுக்கிறதாம், நேரம் மிச்சமாகிறதாம், அதனால் அடுத்த வாரத்திலிருந்து ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நாலு வீட்டுப் பாலையும் எடுக்கப் போகிறாளாம்.

பெண்ணைப் பெற்றவர்களுக்கு என் ஆலோசனை: எஞ்சின் போடுங்கள், தப்பில்லை... ஆனால் வாசலில் ஒரு நிமிஷம் நின்று மூச்சு வாங்குகிற மாதிரி, கொஞ்சம் சின்னதாகப் பார்த்துப் போடுங்கள்!