சுல்தானின் அம்மாவைப் பார்க்க வேண்டும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, திருமழிசையில் ஒரு நாயின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

எங்கள் மல்லிக்கு மாப்பிள்ளை பார்க்கப் போயிருந்தேன். மல்லி ராஜபாளையம் ஜாதி நாய். வெள்ளை வெளேரென்ற உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, நுனியில் கொக்கி போல வலப்பக்கம் மடங்கிய வால். பருத்திப்பட்டில் எங்கள் தெருவில் என்னையே ‘மல்லி வீட்டு சார்’ என்றுதான் சொல்வார்கள். ஒரே ஒரு தடவை குட்டி போடட்டும், அப்புறம் ஆபரேஷன் செய்துவிடலாம் என்பது என் மனைவி சுமதியின் ஆசை.

எனக்குப் பயம். பக்கத்துத் தெருவில் இதே ஜாதியில் ஒரு வெள்ளை நாய் இருந்தது. பிறவியிலேயே காது கேட்காது. ஒருநாள் தண்ணி லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே ரிவர்ஸ் வந்தது... அது அசையாமல் படுத்திருந்தது. அந்த வீட்டுக்காரர் தெருவில் உட்கார்ந்து அழுததை இன்னும் மறக்க முடியவில்லை. நெருங்கிய ரத்தத்துக்குள்ளேயே திரும்பத் திரும்ப இணை சேர்த்தால் இப்படிக் குட்டிகள் பிறக்கும் வாய்ப்பு அதிகம் என்றார் எங்கள் கால்நடை டாக்டர். வெள்ளை நிறத்துக்கும் அதில் பங்கு உண்டாம். என் வீட்டில் அப்படி ஒரு குட்டி பிறந்துவிடக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அதனால்தான் தட்டு.

“இன்னா சார், டிபன் வேணுமா?” என்றார் ஏழுமலை. நான் தட்டுத் தட்டிப் பார்த்த ஆண் நாய் சுல்தானை வளர்ப்பவர். கூலிங் கிளாஸ், கழுத்தில் தடியாக ஒரு செயின், கையில் எப்போதும் ரீல்ஸ் எடுக்கும் போன். வீட்டுக்குப் பின்னால் கூண்டு கட்டி நாய் வளர்த்து விற்கிறார். சுல்தானைக் கொண்டு க்ராஸ் போட்டுக் கொடுத்தால் பிறக்கும் குட்டிகளில் ஒன்றை அவர் எடுத்துக்கொள்வார். அதுதான் வழக்கம்.

சுல்தான் சட்டென்று திரும்பிப் பார்த்தான். காது நன்றாகக் கேட்கிறது. ஆனால் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. நான் ஒரு தடவை நன்றாக ஏமாந்தவன்... ‘பொட்டைக் கன்னு சார், அடுத்த வருஷம் காயைப் பறிக்க ஆள் வைக்கணும்’ என்று கரையான்சாவடியில் ஒருவர் சத்தியம் பண்ணிக் கொடுத்த பப்பாளி, எங்கள் மதிலோரம் இன்றுவரை வெறும் ஆண் பூவாகப் பூத்துக் கொட்டுகிறது. அதிலிருந்து கன்று, விதை, கோழி, நாய் என்று எதை விற்பவர் பேசினாலும் நான் பாதியைத்தான் நம்புவேன்.

“சுல்தானோட வம்சம் எது? என் நாய்க்குச் சொந்தமா இருந்துடக் கூடாது” என்றேன்.

“உன் ஊட்ல எப்டி சார்? சொந்தமா, அசலா?”

“சொந்தம்தான். மாமா பொண்ணு.”

“ஆங்! உனக்கு ஒரு நாயம், நாய்க்கு ஒரு நாயமா?”

பக்கத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்தக் காலத்தில் அப்பா சொன்னது ஒரே காரணம்தான் — அசலில் போனால் யார் எதை மறைப்பார்கள் என்று தெரியாது, சொந்தம் என்றால் ஏமாற்ற மாட்டார்கள். அதையெல்லாம் ஏழுமலையிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

“சுல்தானோட அம்மாவைப் பார்க்கணும்” என்றேன்.

“அது எதுக்கு சார் இப்போ? அது படுத்துகினு கீது.”

ஆஹா! மறைக்கிறார். நான் விடுவேனா? விறுவிறுவென்று பின்பக்கம் போனேன். கடைசிக் கூண்டில் கிழ நாய் ஒன்று கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. எழுந்து நின்று வாலை ஆட்டியது.

வால் நுனி வலப்பக்கம் கொக்கி போல மடங்கியிருந்தது.

அப்படியே மல்லியின் வால்! “யோவ், இது என் நாய்க்கும் அம்மா! கூடப் பிறந்ததுங்களையே சேர்த்துவைக்கப் பார்த்தியா? செவிட்டுக் குட்டி பிறந்தா உனக்கென்ன, ஒண்ணை எடுத்துக்கிட்டுப் போயிடுவ!”

ஏழுமலை கூலிங் கிளாஸைக் கழற்றினார். “சார், மரியாதையா பேசு. உன் நாய எங்க வாங்குன?”

“ராஜபாளையத்துல. என் மச்சான் நேரா போய் வாங்கிட்டு வந்தான்.”

மச்சான் என்றால் சுமதியின் தம்பி குமரன். குட்டியைக் கொண்டுவந்த அன்று அவன் சொன்ன கதை எனக்கு மனப்பாடம். ராஜபாளையம் வெயில், முந்தானையில் குட்டியை வைத்திருந்த அம்மாள், விழுப்புரம் தாண்டியதும் பஸ்ஸில் குட்டி எடுத்த வாந்தி... ‘வால் மடங்கியிருக்கு பாருங்க அத்தான், அதுதான் அசல் ராஜபாளையத்துக்கு அடையாளம்’ என்றுகூடச் சொன்னான். அவன் சொந்தம். அவனிடம் நான் எதையும் கேட்கவில்லை.

போனில் குமரன் போட்டோவைக் காட்டினேன்.

“அட, இவுரா!” ஏழுமலை மனைவியைப் பார்த்தார். “தே, புல்லட்ல வந்து குட்டிய பையில போட்டுகினு போனாரே... இவுருதானே?”

“இவுருதான். பால் பாட்டில் கூட நான்தான் குட்த்தேன்” என்றார் அந்த அம்மாள்.

அங்கேயே நின்று குமரனுக்கு போன் போட்டேன், ஸ்பீக்கரில்.

“குமரா... மல்லி பஸ்ல எங்கே வாந்தி எடுத்துச்சு?”

மறுமுனையில் ஒரு சிரிப்பு. “திருமழிசைக்குப் போயிட்டீங்களா அத்தான்?”

போனைப் பட்டென்று அணைத்தேன். எத்தனை பேரைச் சந்தேகப்பட்டேன்! சந்தேகப்பட வேண்டியவன் தீபாவளிக்குத் தீபாவளி என் வீட்டில் உட்கார்ந்து அதிரசம் தின்றுகொண்டிருந்தான்.

“வாணாம் சார்” என்றார் ஏழுமலை. “தெரிஞ்சிட்டப்புறம் நான் போடமாட்டேன். நாளைக்கு எதுனா ஆச்சுன்னா என் பேருதான் நாறும்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தார்: “பூந்தமல்லில நம்ம ஆளாண்ட ஒண்ணு கீது. வேற வம்சம். ஆனா வெள்ளை கிடையாது, பழுப்புத் திட்டு. எல்லாரும் வெள்ளதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. அதுக்கோசரம்தான் அவனவன் அண்ணன் தங்கச்சியவே சேர்த்துடறான்.”

இதையும் நான் பாதிதான் நம்பினேன். பழக்கதோஷம்.

வீட்டுக்கு வந்து சுமதியிடம் குமுறினேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, “எனக்கு அப்பவே தெரியும்” என்றாள்.

“என்னது!”

“திருமழிசையில வாங்கினேன்னு சொன்னா நீங்க நாயை வீட்டுக்குள்ள விட்டிருப்பீங்களா? நூறு கேள்வி கேட்டு மறுநாளே திருப்பி அனுப்பியிருப்பீங்க. அதான் அவன் அப்படிச் சொன்னான். நீங்க அதே வீட்டுக்கே போய் நிப்பீங்கன்னு யாரு கண்டா?”

மல்லி என் காலடியில் வந்து படுத்தாள். திருப்பி அனுப்பியிருப்பேனா? நிச்சயமாக அனுப்பியிருப்பேன். குனிந்து அவள் காதைத் தடவிக்கொடுத்தேன்.

பூந்தமல்லி நாயைப் போய்ப் பார்த்தோம். அதன் அம்மா, அப்பா இரண்டையும் பார்த்தேன். வால்கள் நேராக இருந்தன. மூன்றுக்கும் தட்டு தட்டினேன், மூன்றும் திரும்பின. முடித்துவிடலாம் என்று சொல்லிவிட்டேன். குட்டிகள் பழுப்புத் திட்டோடு பிறக்கலாம் என்று தெரிந்ததும், வெள்ளைக் குட்டிக்குச் சொல்லிவைத்திருந்த நண்பர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். எதிர்வீட்டு ஐ.டி. தம்பி மட்டும், ‘யோசிச்சுச் சொல்றேன் அங்கிள்’ என்றார். அப்படியென்றால் வேண்டாம் என்று அர்த்தம்.

ஒரே ஒருவன் மட்டும் உடனே போன் செய்தான்.

“எனக்கு ஒரு குட்டி அத்தான். என்ன கலரா இருந்தாலும் சரி.”

“எங்கே வாங்கினதுன்னு என்னை மாதிரியே தோண்டித் துருவுற உன் மாமனார் கேட்டா என்னடா சொல்லுவ?”

“ராஜபாளையம் போயிருந்தேன்னு சொல்லிக்கிறேன்!”