என் வலது கையும் தங்கையின் ஆரஞ்சு சென்ட்டும்

என் தங்கைக்கு வீட்டில் ‘மோப்பம்’ என்று பெயர். பால் திரிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே, “அம்மா, இது தாங்காது” என்பாள். பள்ளி விட்டு நான் எந்தக் கடையில் நின்றுவிட்டு வந்தேன் என்பதைச் சட்டையை முகர்ந்தே போட்டுக்கொடுத்துவிடுவாள். அதனால் நான் வாங்கிய அடி கொஞ்சமல்ல. அந்த மூக்குக்கே ஒரு வேலை கிடைத்தபோது அடியை எல்லாம் மறந்துவிட்டேன். பார்க்கிறவர்களிடமெல்லாம் “என் தங்கச்சி இருக்காளே” என்று ஆரம்பித்தேன். சிலர் என்னைக் கண்டால் தெரு மாறிப் போனார்கள்.

வேலை, நாலு மாடிக் கடையின் கீழ்த்தளத்தில் சென்ட் விற்பது. ஆறு மாதம் தற்காலிகம். முடிவில் ஒரு பரீட்சை. பொறுப்பாளர் அம்மா ஆளுக்கொரு பாட்டில் கொடுப்பார். அந்த வாசனை தோலில் பட்டது முதல் சாயங்காலம் வரை எப்படி மாறுகிறது என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் அன்றோடு சரி. அவளுக்கு வந்தது ஆரஞ்சும் கேரமலும் கலந்த சென்ட்.

அவள் கையில் பூசிப் பார்க்க இடமில்லை. வாடிக்கையாளர்களுக்குக் காட்டிக் காட்டி முழங்கை வரை ஏழெட்டு வாசனை ஏறியிருந்தது. எங்கள் அம்மாவுக்கோ சென்ட் பட்டாலே தோல் தடித்துவிடும். மிச்சம் நான்.

“அண்ணா, உன் கை சும்மாதானே இருக்கு?”

“சும்மாவா? தினம் இருநூறு சட்டை தேய்க்கிற கைடி இது.”

“அதோட இதையும் பாத்துக்கோ. தேய்ச்சுக் கழுவிடாத. மணிக்கொரு தடவை மோந்து பாத்து எழுது. என்ன வருதோ அதை எழுது, போதும்.”

காலை எட்டு மணிக்கு இரண்டு மணிக்கட்டிலும் பீய்ச்சினாள். நகம் பட்டு ஆரஞ்சுத் தோல் கிழியும்போது கண்ணில் தெறிக்குமே, அந்தக் கூர்மை. அதற்குப் பின்னால் யாரோ வாணலியில் சர்க்கரையை அடுப்பேற்றிய மாதிரி ஓர் இனிப்பு.

நான் எட்டாவது வரைதான் படித்தேன். ஆனால் கோடு போடச் சொன்னால் என்னை மிஞ்ச ஆளில்லை. ஒரு தாளில் இடது கை, வலது கை என்று இரண்டு பத்தி பிரித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சலவைக்கூடத்துக்குப் போனேன்.

பக்கத்து மேசையில் தேய்ப்பவன் நிமிர்ந்து பார்த்தான்.

“என்னண்ணே, மிட்டாய்க் கம்பெனிக்கு மாறிட்டீங்களா?”

“ஆராய்ச்சி.”

“ஆராய்ச்சிய எறும்பு தூக்கிட்டுப் போயிடப் போகுது, பாத்துக்கோங்க.”

குனிந்து அடுத்த சட்டையை எடுத்தேன். ஆராய்ச்சியாளர்கள் அற்பர்களோடு பேசுவதில்லை.

ஒன்பது மணிக்குத்தான் சிக்கல். இடது கையில் ஆரஞ்சு இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது. வலது கையில் அது போன இடம் தெரியவில்லை. லேசாகக் கருகிய சர்க்கரை மட்டும். பதினொன்றுக்கு இடது கை அப்போதுதான் கேரமலுக்கு வந்தது. வலது கையில் கொதித்த பால் ஆறிய மாதிரி ஒரு மெல்லிய வாசனை. மூன்று மணிக்கு வலது கையில் என் வாசனைதான் இருந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஒரே பாட்டில், ஒரே ஆள், இரண்டு கணக்கு. சட்டைக் காலரின் இரண்டு முனையும் ஒரே அளவாக மடியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. கோளாறு என் மூக்கில்தான் என்று முடிவு கட்டினேன். மதிய இடைவேளையைக்கூட விடாமல் எழுதிய தாளை உள்ளே சொருகிவிட்டு, புதுத் தாளில் இரண்டு கைக்கும் நடுவாந்தரமாக ஒரே பதிலைப் போட்டு, அழகாக ஒரு நல்ல பிரதி எடுத்தேன். தலைப்புக்கு அடியில் இரட்டைக் கோடு.

சாயங்காலம் தங்கை அதைப் படித்தாள். பிறகு என் இரண்டு மணிக்கட்டையும் மாறி மாறி முகர்ந்தாள்.

“ரெண்டு கையும் ஒரே மாதிரியா இருந்துச்சு?”

“ஆமா.”

“இடது கையில இன்னும் கேரமல் இருக்கு. வலது கையில ஒண்ணுமே இல்ல. நாளைக்குப் பரீட்சை, அண்ணா. இதைப் போய்ச் சொன்னேன்னா அந்தம்மா என்னை வாசலோட அனுப்பிடும்.”

அம்மா உள்ளேயிருந்து, “கோடு நல்லா நேரா இருக்கா பாரு. அப்படின்னா பொய்யாத்தான் இருக்கும்” என்றாள்.

பழைய தாளை எடுத்து நீட்டினேன். அடித்தல், திருத்தல், இஸ்திரிச் சூட்டில் பழுத்த ஒரு மூலை. மூன்று முறை படித்தாள்.

“இஸ்திரிப் பெட்டி எந்தக் கையில புடிப்ப?”

“வலது.”

“சூடு. நாள் பூரா சூட்டுல இருந்த கை. ஆரஞ்சு சீக்கிரம் பறந்துடுச்சு. உன் மூக்கு சரியாத்தான் இருக்கு. நீதான் சரியில்ல.”

மறுநாள் பொறுப்பாளர் அம்மாவிடம் அதையே சொல்லியிருக்கிறாள். வெயிலில் நடந்து வந்தவர் கையில் உடனே பீய்ச்சினால் ஆரஞ்சைச் சரியாகப் பார்க்கவே மாட்டார், இனிப்பு மட்டும் என்று வைத்துவிட்டுப் போவார். ஐந்து நிமிடம் உட்கார வைத்துப் பிறகு காட்ட வேண்டும் என்று.

“உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டாராம்.

“எங்க அண்ணன் கையில பாத்தேன்.”

வேலை நிரந்தரமானது. சலவைக்கூடத்தில் ஒரு வாரம் என் வலது கையை நான் யாருக்கும் காட்டாமல் விடவில்லை. பக்கத்து மேசைக்காரன் கும்பிட்டே விட்டான்.

பழைய தாளை அவள் பத்திரமாக வைத்திருக்கிறாள். “அந்த நல்ல பிரதி எங்கடி?” என்று ஒரு நாள் மெல்லக் கேட்டேன்.

“அலமாரித் தட்டுல விரிச்சிருக்கேன். ஓரமெல்லாம் நேரா இருந்துச்சா, வெட்டாமலே கச்சிதமா உக்காந்துடுச்சு.”

போய்ப் பார்த்தேன். உண்மையிலேயே கச்சிதமாகத்தான் இருந்தது.