காலி இடத்தில் ஒரு சிவப்புக் கோடு

சென்ற மாதம் ஒரு காலை. இட்லிக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். சிதம்பரத்திலிருந்து மும்தாஜ் மிஸ் போன் செய்தார். ஹலோ இல்லை, நலம் விசாரிப்பு இல்லை. நேராக விஷயம்.

“என்னைப் போயி ஸ்ட்ரிக்ட்னு சொல்றாங்க மிஸ்.”

மிக்ஸியை நிறுத்தினேன். “யாரு?”

“அந்த கம்பெனிக்காரங்கதான். நான் போடுற மார்க்கு ரொம்பக் கடுமையா இருக்காம். ஃபெயில்னு அனுப்பிட்டாங்க.”

“பசங்களயா?”

“என்னைய.”

மும்தாஜ் மிஸ்ஸை உங்களுக்கு அறிமுகப்படுத்திவிடுகிறேன். சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் நாங்கள் இருவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். அவர் கெமிஸ்ட்ரி, நான் தமிழ். நான் பாதியில் விலகி, கடலூரில் வந்து உட்கார்ந்து பத்திரிகைக்குப் பத்தி எழுத ஆரம்பித்துவிட்டேன். அவர் போன வருடம் வரை பாடம் நடத்தினார். இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது. இன்னும் ஒருவரை ஒருவர் ‘மிஸ்’ என்றுதான் கூப்பிடுகிறோம். பெயர் சொன்னால் யாரோ வேறு ஆளைக் கூப்பிடுவது போல இருக்கிறது.

அவருடைய கணவர் ரபீக் பாய் போன வருடம் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன், பிசியோதெரபி, இப்போது வாக்கர். தனியாக விட்டுவிட்டுப் போக முடியாது. மிஸ் வேலையை விட்டார். தனியார் பள்ளி… பென்ஷன் என்று எதுவும் கிடையாது.

சென்னையில் இருக்கும் மகள் ஷபானா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். “வீட்டக் காலி பண்ணிட்டு இங்க வந்துடுங்கம்மா. அத்தாவ நான் பாத்துக்குறேன்.” நல்ல பெண். சொன்னதைச் செய்பவள். அதுதான் பயமே.

“அங்க போனா நான் மாமியார், இவரு பேஷண்ட்டு” என்றார் மிஸ் என்னிடம். “இங்க இருந்தாத்தான் மிஸ்ஸும் பாயும்.”

பேசிப் பேசிக் கடைசியில் ஷபானா ஒரு வழி விட்டாள். அம்மாவுக்கு வீட்டிலிருந்தே பார்க்கிற மாதிரி ஒரு நிரந்தர வேலை கிடைத்தால் வாயைத் திறக்க மாட்டாள். கிடைக்காவிட்டால், ரம்ஜானுக்கு முன் வேனோடு வந்து நிற்பாள்.

வேலை தேடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எதையும் தேதி போட்டு, வரிசைப்படுத்திச் செய்கிற ஆள் நான் என்பது மிஸ்ஸுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். ‘வீட்டிலிருந்தே வேலை’ என்று தேடிப் பாருங்களேன்… உலகத்தில் இத்தனை நல்லவர்களா என்று இருக்கும். ஒருவர் பதிவுக் கட்டணம் கேட்டார். இன்னொருவர் ஏ.டி.எம். கார்டின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். ஒரு பெண்மணி, விடைத்தாள் திருத்தும் வேலை என்று அழைத்து, சத்துமாவு விற்கிற வேலையைப் பற்றி நெடுநேரம் பேசினார்.

கடைசியில் உண்மையான ஒன்று அகப்பட்டது. வெளிமாநிலத்துக் கம்பெனி. பள்ளிகள் நடத்தும் மாதிரித் தேர்வுகளின் விடைத்தாள்களை ஸ்கேன் செய்து வைக்கிறார்கள். ஆசிரியர்கள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பார்த்து மார்க் போடலாம். ஆனால் அதற்கு முன் ஒரு ட்ரையல். ஏற்கெனவே அவர்களுடைய ஆட்கள் திருத்திய தாள்களையே, மார்க்கை மறைத்து நமக்குக் கொடுப்பார்கள். நாம் போடுவது அவர்கள் போட்டதற்குப் பக்கத்தில் வர வேண்டும். இரண்டே வாய்ப்பு.

முதல் வாய்ப்பில்தான் மும்தாஜ் மிஸ் ஃபெயில். காரணம் – மிகக் கடுமை.

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே குழப்பமும்.

ஏனென்றால் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமில் மும்தாஜ் மிஸ் எப்படி மார்க் போடுவார் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். சிதம்பரத்தில் ஒரு பெரிய பள்ளியில் முகாம் நடக்கும். உயிரை வாங்குகிற வெயில். ஒரே ஹாலில் இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் கெமிஸ்ட்ரி. ஃபேன் காற்றில் தாள் பறக்காமலிருக்க டிபன் பாக்ஸ் மூடி, கூழாங்கல், ஒரு சாருடைய மூக்குக் கண்ணாடிக் கூடு. கீரப்பாளையத்திலிருந்து, காட்டுமன்னார்கோயிலிலிருந்து, பண்ருட்டிப் பக்கத்திலிருந்தெல்லாம் வருவார்கள். காடாம்புலியூர் சார் ஒருவர் அடுக்குப் பாத்திரம் நிறையப் பலாச்சுளை கொண்டுவருவார். மத்தியான விடைத்தாள் பண்டிலைத் தொடுவதற்கு முன் எல்லோரும் சீஃபிடம், அதாவது தலைமைத் தேர்வாளரிடம், கையை நீட்டிக் காட்ட வேண்டும். பிசுபிசுப்பு இருந்தால் பைப்படிக்குத் திருப்பி அனுப்புவார். தலை நரைத்த தலைமையாசிரியர்கள் கூட வரிசையில் நின்று கையைக் காட்டுவார்கள்!

எங்களுக்குச் சிவப்பு மை, சீஃபுக்குப் பச்சை. அந்தப் பச்சை மை ஜாஸ்தி செலவானது மும்தாஜ் மிஸ்ஸின் பண்டிலில்தான்.

“மிஸ், சமன்பாடு பாதிதான எழுதிருக்கான்? மார்க்க அள்ளி விட்டிருக்கீங்க?”

“பாதி தூரம் வந்துட்டான்ல சார். கடலூர் பஸ்ல ஏறி புதுச்சத்திரத்துல எறங்குனா, வந்த தூரம் இல்லன்னு ஆயிடுமா?”

“நீங்க கண்டக்டராப் போயிருக்கணும் மிஸ்.”

“போயிருந்தா பின்னால பென்ஷனாவது வரும் சார்.”

சீஃப் அதற்குமேல் பேச மாட்டார். சில தாள்களில் மார்க்கைக் குறைப்பார். பலவற்றில் பேசாமல் பச்சைக் கையெழுத்தைப் போட்டுவிட்டு நகர்வார்.

இப்படிப்பட்ட ஒருவரைக் ‘கடுமை’ என்று ஒரு மெஷின் சொன்னால்? எங்கேயோ இடிக்கிறது. மறுநாள் பஸ் பிடித்தேன்.

ஆலப்பாக்கம் தாண்டியதும் உப்புக்காற்று. ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தபோது, ஏதோ முகாமுக்கே போவது போல இருந்தது. பையில் சிவப்புப் பேனா இருக்கிறதா என்று கை தானாகத் தேடியது… இல்லை. எதற்கு இருக்கப் போகிறது?

மிஸ்ஸின் வீட்டு ஹாலில் ஜன்னலை ஒட்டிக் கட்டில். அதில் ரபீக் பாய். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்.

“வாங்க மிஸ்” என்றார் பாய். “உங்க ஃப்ரெண்டு பரீச்சையில ஃபெயிலு. துக்கத்துல கொழம்புல உப்பு போட மாட்டேங்குறா.”

“உப்பு கொறைக்கச் சொன்னது உங்க டாக்டர்” என்றார் மிஸ். “அதயும் என் கணக்குல எழுதாதீங்க.”

பழகிப் பார்ப்பதற்கென்று தனியாகச் சில தாள்களை அந்தக் கம்பெனி கொடுத்திருந்தது. “ஒண்ணு திருத்துங்க மிஸ், நான் பாக்குறேன்” என்றேன். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

கண் சரியாகத் தெரியாததால் எழுத்தை நன்றாகப் பெரிதாக்கி வைத்திருந்தார். ஒரு பையனின் விடை திரை முழுக்க விரிந்தது. மிஸ் நிதானமாகப் படித்தார். மூன்றுக்கு இரண்டரை போட்டார். எனக்குக் கெமிஸ்ட்ரி தெரியாது. ஆனால் அந்த விடைக்கு இரண்டரை என்பது மும்தாஜ் மிஸ்ஸின் இரண்டரைதான் என்று தெரிந்தது. கை மாறவே இல்லை.

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். திரையின் ஓரத்திலிருந்த சிவப்புப் பேனாவை மவுஸால் எடுத்தார். விடைக்குக் கீழே காலியாக இருந்த இடத்தில், மூலையிலிருந்து மூலைக்கு, மெல்ல, கை நடுங்காமல், சாய்வாக ஒரு கோடு இழுத்தார். திருப்தியாகப் பார்த்துவிட்டு அடுத்த தாளுக்குப் போனார்.

“இருங்க மிஸ். அந்தக் கோடு எதுக்கு?”

என்னைத் திரும்பிப் பார்த்தார். “எதுக்கா? காலி எடத்த அப்படியே வுட்ருவாங்களா?”

முகாமுக்குப் போகாதவர்களுக்குச் சொல்கிறேன். தாள் திருத்துகிறவருக்கு முதல் நாள் சொல்லித் தருவதே அதுதான். எழுதாமல் விட்ட இடம் எங்கே இருந்தாலும் குறுக்கே ஒரு கோடு. இல்லையென்றால் பிற்பாடு யாராவது அதில் எதையாவது எழுதிவிடலாம். கோடு இல்லாத தாள் இருந்தால் சீஃப் பண்டிலையே திருப்பிக் கொடுத்துவிடுவார். மார்க் கூடக் குறைய இருக்கலாம். கோடு இல்லாமல் இருக்கவே கூடாது. முகாமை விட்ட பிறகும் மளிகைச் சீட்டின் அடியில் நான் கோடு போடுவேன். புதிதாக வந்த கடைக்காரர் ஒரு தடவை கேட்டார் – “இது என்னா ஐட்டம் மேடம்?”

ஆனால் கம்ப்யூட்டர் எங்கள் முகாம் ஹாலுக்கு வந்ததில்லையே, அதற்கு இந்த வழக்கம் தெரியுமா? சந்தேகத்தோடு திரையின் எழுத்தைச் சின்னதாக்கச் சொன்னேன். பெரிதாக்கியதில் வெளியே தள்ளப்பட்டிருந்த வலது ஓரம் இப்போது உள்ளே வந்தது. அங்கே, போட்ட மார்க் கணக்கில் ஏறுவதைக் காட்டும் கட்டம்.

“இந்தத் தாளுக்குப் போடுங்க.”

இரண்டு போட்டார். கட்டத்தில் இரண்டு.

“இப்ப கோடு.”

கோடு போட்டார். கட்டத்தில் பூஜ்யம்.

கோட்டை அழித்தார். இரண்டு. மறுபடி கோடு. பூஜ்யம்.

விதிமுறைப் பக்கத்தைத் திறந்து, ஆரம்பத்திலிருந்து வரி விடாமல் படித்தேன். நடுவில் எங்கேயோ இருந்தது. பக்கத்தின் குறுக்கே கோடு என்றால், அந்த விடையை மாணவனே அடித்துவிட்டான், கணக்கில் எடுக்க வேண்டாம் என்று அர்த்தமாம்.

கட்டிலிலிருந்து பாய் கேட்டார். “அப்ப எல்லாப் பசங்களுக்கும் முட்டையா?”

“எல்லாருக்குந்தாங்க.”

“நல்லா எழுதுனவனுக்கும்?”

“அவனுக்கு இன்னும் நேராப் போட்டேன்.”

பாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்தால் இடுப்பு வலிக்கும். வலித்துக்கொண்டே சிரித்தார். மிஸ்ஸும் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். கண்ணாடியைத் துடைப்பதற்கு அவ்வளவு நேரம் ஆகாது.

“நேர்மைக்குப் போட்ட கோடு மிஸ் அது” என்றார்.

“கம்பெனிக்கு மெயில் எழுதட்டுமா? நடந்தத வெளக்கமா…”

“வேணாம். விதிய எழுதிப் போட்ருக்கான், நாந்தான் படிக்காம உக்காந்துட்டேன். பசங்கள அதுக்கு எவ்ளோ திட்டிருக்கோம்?” என்றவர், “இன்னொரு சான்ஸ் இருக்குல்ல” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இருந்தது. ஆனால் அதுதான் கடைசி. அதுவும் போனால் வேன்.

நீங்கள் கேட்கலாம் – கோடு போடாமல் இருப்பதில் என்ன கஷ்டம்? அப்படித்தான் நானும் நினைத்தேன். பழகும் தாளில் முதல் விடைக்குக் கோடு இல்லை. இரண்டாவதற்கும் இல்லை. மூன்றாவது விடையைப் படித்து, மார்க் போட்டு, அந்தப் பையனின் கையெழுத்து அழகைப் பற்றி என்னிடம் சொல்லிக்கொண்டே… கோடு. மிஸ்ஸுக்கே தெரியவில்லை. மறுபடி முயற்சி. மறுபடி கோடு. வேலையை நாம் விட்டுவிடலாம். கை ராஜினாமா கொடுப்பதில்லை.

“ஏங்க, என்னால முடியாது போலருக்கே” என்றார் மிஸ். அந்தக் குரலை நான் முகாமில் கேட்டதே இல்லை.

கட்டில் கிறீச்சிட்டது. ரபீக் பாய் வாக்கரைப் பிடித்து எழுந்தார். விழுந்த பிறகு அவர் தானாக எழுந்து நான் பார்த்தது அன்றுதான். ஹாலைக் கடந்து வர அவருக்கு நேரமாயிற்று. மிஸ் எழுந்து பிடிக்கப் போனார். “ஒக்காரு” என்றார் பாய். மேஜைக்கு எதிர்ப்பக்கம், லேப்டாப்பின் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

“எனக்குக் கெமிஸ்ட்ரியும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. நீ மார்க்கப் போடு. ஒன் கைய நான் பாத்துக்குறேன்.”

மிஸ் ட்ரையலைத் திறந்தார். முதல் விடை. மார்க்.

“கை” என்றார் பாய்.

மவுஸிலிருந்து கை மேலே எழுந்தது. அடுத்த விடை வந்தது.

“கை.”

எழுந்தது.

கடலூர் பஸ்ஸுக்காக நான் கிளம்பும்போதும் அது நடந்துகொண்டுதான் இருந்தது. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து சீரான இடைவெளியில் அந்த ஒற்றைச் சொல். எனக்கு என்னவோ அந்த முகாம் ஹால் ஞாபகம். தாள் திரும்பும் சத்தம், ஃபேன் சத்தம், கடைசி பண்டிலைக் கட்டியதும் டவுன் பஸ்ஸுக்கு ஓடும் காட்டுமன்னார்கோயில்காரர்கள். முகாம் முடிகிற நாளில், ‘அப்பாடா’ என்று எல்லோரும் சொல்வோம். யாரும் சட்டென்று கிளம்ப மாட்டோம்.

அந்த வாரக் கடைசியில் போன் வந்தது. இந்தத் தடவையும் ஹலோ இல்லை.

“பாஸ் மிஸ்.”

ஷபானாவிடம் சொன்னாராம். அவள் ஏற்கெனவே அத்தாவுக்கென்று புதுக் கட்டில் வாங்கிப் போட்டுவிட்டாளாம். “இருக்கட்டும்டி, ரம்ஜான் லீவுக்கு வந்து படுத்துக்குறோம்னு சொன்னேன். அழுதுட்டா. வேன் செலவு மிச்சம்னு சிரிச்சும் தொலைச்சா.”

இப்போது காலையில் மிஸ் தாள் திருத்துகிறார். நான் இங்கே எழுதுகிறேன். இரண்டு போனும் ஸ்பீக்கரில். அதிகம் பேசுவதில்லை. பக்கத்து பெஞ்சில் ஆள் இருந்தால் போதும் என்கிற மாதிரி.

நேற்று திடீரென்று அந்தப் பக்கம் சிரிப்பு. அடக்க முடியாத சிரிப்பு. எனக்குப் புரிந்துவிட்டது. அந்த நாளில் முகாமில் ஏதாவது பையன் விபரீதமாக எழுதியிருந்தால் யாராவது எழுந்து நின்று படிப்பார்கள். ஹாலே குலுங்கும். சீஃப் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார், தோள் குலுங்குவது தெரியக் கூடாதென்று.

“என்ன எழுதிருக்கான் மிஸ்?”

“சொல்லக் கூடாது. வெளிய சொல்ல மாட்டேன்னு கம்பெனிக்கு எழுதிக் குடுத்திருக்கேன்.”

“எங்கிட்ட கூடவா?”

“உங்ககிட்டத்தான் முக்கியமா. நீங்க பத்தியில போட்ருவீங்க.”

போட்டிருப்பேன்.