ஒரே மலை, எட்டுப் பக்கம்

புத்தகக் கடைக்கு முதல் எதிரி கரையான். இரண்டாவது, பிரித்துப் பார்த்து வாங்குகிறவர். என்னைப்போல் புத்தகக் கடைக் கவுண்டரில் நின்று கால் மரத்துப்போன உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எங்கள் கடை. ஆப்பிளும் மலையுமாகவே வரைந்த ஒரு பிரெஞ்சு ஓவியரின் வாழ்க்கையைச் சொல்லும் படப் புத்தகம் வந்திருந்தது. இதுவும் விற்காவிட்டால் ஓவிய அலமாரியில் போட்டித்தேர்வு கைடு அடுக்கப்போவதாக முதலாளி சொல்லிவிட்டார். அந்த அலமாரியைப் பார்த்துக்கொள்ளத்தான் நான். அது போனால் நானும் போகவேண்டியதுதான்.

மணப்பாறை வாத்தியார்

மணப்பாறை வாத்தியார் ஒருவர் வாங்கிப்போய், மறுவாரமே திருப்பிக் கொண்டுவந்தார். பைண்டிங்கில் ஒரே அச்சுத்தாள் திரும்பத் திரும்பச் சேர்ந்துவிட்டதாம். எட்டுப் பக்கமும் அதே மலை. ஓவியர் தன் ஊர் மலையை ஆயுசுக்கும் வரைந்தவர், ஒவ்வொன்றும் வேறு படம் என்றேன். நம்பவில்லை. ஓவியர் தூரிகையோடு வருவதைக் கண்டால் மலையே தலைவாரிக்கொள்ளும் என்று அந்த ஊரில் பேச்சு என்றும் அளந்துபார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மலை இருக்கட்டுங்க. விலையையும் ரெண்டு தடவை போட்டிருக்கீங்களோன்னுதான் யோசிக்கிறேன்."

பைண்டர் செய்த உபகாரம்

அப்புறம் ஒரு மழையில் கூரை ஒழுகி, கட்டோடு இருந்த மற்ற பிரதிகளின் அட்டை ஊறிப்போனது. உறையூர் பைண்டரிடம் அட்டை மாற்றக் கொடுத்தோம். திரும்பி வந்த புத்தகங்கள் இளைத்திருந்தன. ஓவியர் பிறந்தார், வக்கீல் படிப்பை விட்டார், பாரிஸில் சிரித்தார்கள், ஊர் திரும்பினார், ஒரே ஒரு மலை வரைந்தார், செத்தார். மீதி மலைகள் பழைய பேப்பரோடு போய்விட்டன. முழுசாக மிஞ்சியது மணப்பாறை வாத்தியார் திருப்பித் தந்த பிரதிதான். பைண்டரோ என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"ஒரே படத்தைப் போட்டுப் பக்கத்தை ரொப்பியிருக்காங்க, பெரியவரே. நான் பிரிச்சு எடுக்கலேன்னா உங்க கடை பேருல்ல கெட்டிருக்கும்?"

ஸ்ரீரங்கத்து மாமி

அந்த ஒற்றைப் பிரதியை ஸ்ரீரங்கத்து மாமி ஒருவர் கையில் எடுத்தபோது, முதலாளி டேப்பை வைத்து அலமாரியை அளந்துகொண்டிருந்தார். மாமி மலை மலையாகப் புரட்டினார். பைண்டிங் பிழையில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எல்லாம் வேறு வேறு படம் என்று அவரே சொன்னார். அவர் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் மலைக்கோட்டையும் வேளைக்கு ஒரு நிறமாம். பில் போடச் சொன்னார். முதலாளி டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். அப்போதுதான் மாமி குரலைத் தாழ்த்தினார்.

"எங்காத்து மாமாவும் மலைக்கோட்டையைப் பார்க்கறேன்னுதான் தெனம் மாடிக்குப் போறார். நடுவுல எந்த மாடியில யார் வடாம் காயப்போடறான்னு இதுல போட்டிருக்கோ?"

சந்தேகமே இல்லாத ஒருவர் வந்து ஓவியப் புத்தகம் வாங்கினார் என்ற சரித்திரம் எங்கள் கடைக்கு இன்றுவரை கிடையாது.