எக்ஸ்ரேக்காவின் இடது கை

சத்தியமாகச் சொல்கிறேன், இது கட்டுக்கதை இல்லை. எக்ஸ்ரே பொத்தானை அழுத்தியவனே நான்தான். நம்பாதவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் என்னோடு படம் எடுக்கிற மூத்தவளை எல்லோரும் எக்ஸ்ரேக்கா என்றுதான் கூப்பிடுவோம். பதினோரு வருஷமாக அவளோடு வேலை பார்க்கிறேன். வாய் ஓயாமல் பேசுகிறவள், ஒரு மாதமாக ஊமையாகிவிட்டாள். சின்ன வயதில் யாரோ தள்ளி, படிக்கட்டில் உருண்டு, இடது கை முறிந்தது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மாவோ, "உனக்கு எதுவும் உடையல. நீ ஒத்தப் பிள்ளை, யாரு தள்ளப்போறா?" என்று சாதித்தாள். இப்போது அந்தக் கை தினமும் வலித்தது. புருஷன் மனநல மருத்துவரிடம் நாள் குறித்துவிட்டார்.

"ஒரு படம் எடு தம்பி. முறிஞ்ச தடம் இருந்தா போதும். எனக்குப் பைத்தியம் இல்லன்னு ஆயிடும்." கெஞ்சினாள். எனக்குப் பாவமாக இருந்தது.

மதியம் 3.40. கையை மேசையில் வைத்தாள். கழற்ற வராத மோதிரத்தோடுதான்.

"கையை விடு தம்பி," என்றாள்.

நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்தேன்...

அழுத்தினேன். பீப்.

3.42. படம் வந்தது. அதில் மோதிரம் இல்லை.

"அக்கா, இது யாரு குழந்தையோட கை?" என்றேன்.

எலும்பு நுனிகளில் இடைவெளி. வளர்கிற பிள்ளைகளுக்கு மட்டுமே அப்படி இருக்கும். ஆறேழு வயது. மணிக்கட்டுக்கு மேலே முறிவு.

"ஒட்டிட்டு வருது," என்றாள். "ஒன்றரை மாசப் பழசு."

மறுபடி எடுத்தோம்.

அதே குழந்தைக் கை...

3.55. அம்மாவுக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில்.

"கையைப் படம் எடுத்துட்டேம்மா, ஒரு சின்னப் பிள்ளை கை தெரியுது. உண்மையைச் சொல்லு. யாரு அது?"

மறுமுனையில் அம்மா அழுதாள்.

"உனக்கு முன்னாடி ஒருத்தி இருந்தாடி. உங்கக்கா. விழுந்தது அவதான். தள்ளினது நீ. நாலு வயசு உனக்கு, விளையாட்டா தள்ளிட்ட. உனக்குத் தெரியக்கூடாதுன்னுதான் மறைச்சோம்."

எக்ஸ்ரேக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அவளுக்குக் கட்டு... எத்தனை நாள் போட்டீங்க?"

"கட்டா? எங்கடி போட்டோம்... படிக்கட்டுலயே உயிர் போயிடுச்சே."

செத்தவர்களுக்கு எலும்பு ஒட்டுவதில்லை.